பாஸ்கு மரபும் புதுக்கலையும்

பாஸ்கு என்னும் பெயர் தமிழாராய்ச்சியாளர்க்குப் புதியதன்று. ஸ்பெயின், பிரான்சு ஆகிய இருநாட்டு எல்லையில், பிரனீசு மலைத்தொடரின் மேலைக்கோடியைச் சார்ந்து வாழ்வோர் பாஸ்கு மக்கள். எவுஸ்காரா எனப்படும் அவர்தம் மொழிக்கு இனமான மொழி யாண்டும் உண்டென இதுகாறும் நிறுவப்பெறவில்லை. இத்தனிமையே அறிஞர் பலரை ஈர்த்தது. நிக்கோலாசு லஹோவாரி என்பார் 1963-இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட 'திராவிடத் தோற்றமும் மேலைநாடும்' என்னும் பொருளுடைய நூலில், பாஸ்கு மொழியைத் திராவிட மொழிகளோடு உறவுபடுத்த முயன்றார். சொல்லொப்புமைகளை ஒலிமாற்ற நெறிகளால் நிலைநாட்டாமையின் மொழிநூலார் அம்முடிபை ஏற்றிலர். ஆயினும், நம் மொழியின் பெருமையை அதன் தொன்மையிலும் தொலைநாட்டு உறவிலும் தேடும் விழைவு நம்மிடையே இருந்ததால் அந்நூல் இங்கும் பேசப்பட்டது.

அதே 1963-ஆம் ஆண்டில் பாஸ்கு நாட்டில் வேறொரு நூல் வெளிவந்தது. சிற்பி ஹோர்ஹே ஓத்தெய்சா ஸ்பானிய மொழியில் எழுதிய 'குவோஸ்குவே தாந்தெம்' என்பதே அது. சிசரோவின் சொற்பொழிவிலிருந்து எடுத்த இலத்தீன் தொடரைத் தலைப்பாகக் கொண்ட அந்நூல், பாஸ்கு ஆன்மாவுக்கு அழகியல் விளக்கம் கூற முற்பட்டது. மொழியின் தொன்மையில் லஹோவாரி தேடியதைக் கலையின் தொன்மையில் ஓத்தெய்சா தேடினார். பின்வந்த ஓவியர், சிற்பியர், பாடகர், கவிஞர் பலரை அந்நூல் ஆட்கொண்டது. பாஸ்கு புதுக்கலையை ஆராய்வோர் அதனைக் கடந்து செல்லுதல் இயலாது.

மரபினின்று புதுக்கலை பெறுவது யாது? ஓர் இனத்தின் ஆன்மாவில் உறங்கிக் கிடப்பதாகக் கூறப்படும் தொன்மைப் பண்பா, கற்றும் கற்பித்தும் காக்கப்படும் செய்முறையா? இவ்வினாவிற்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கம். ஓத்தெய்சாவின் கோட்பாடு முன்னையதை வற்புறுத்துகின்றது. பாஸ்கு கலைகளின் வரலாறோ பின்னையதற்கே சான்று பகர்கின்றது என்பது எம் துணிபு.

வினாவின் இன்றியமையாமை

இவ்வினா ஏட்டளவில் எழுந்த ஒன்றன்று. 1937 ஏப்பிரல் 26-இல் பாஸ்கு மக்களின் பழைய மன்றம் கூடும் ஊராகிய கெர்னிக்கா செருமானிய, இத்தாலிய வானூர்திகளால் குண்டுவீசி அழிக்கப்பட்டது. பின்னர் 1975 வரை நீடித்த பிராங்கோவின் ஆட்சியில் பாஸ்கு மொழி பள்ளியினின்றும் அரசு அலுவலினின்றும் விலக்கப்பட்டது. அந்நாளில் எல்பிரா சிப்பித்ரியா என்னும் ஆசிரியை சான் செபாஸ்தியான் நகரில் இல்லத்திலேயே மறைவாகச் சிறுவர்க்குத் தாய்மொழி வழியே கற்பித்தார். அத்தகைய முயற்சிகளினின்றே 'இக்கஸ்தோலா' எனப்படும் பாஸ்கு மொழிப் பள்ளிகள் வளர்ந்தன.

மரபு ஆன்மாவில் உறைவதாயின், பள்ளி மூடினும் அது கெடாது; என்றேனும் ஒருநாள் தானே வெளிப்படும். மரபு கற்பிக்கப்படுவதாயின், ஒரு தலைமுறை கல்லாதொழிந்தால் அது அறவே அற்றுப்போம். முன்னைய கொள்கை துயருற்றோர்க்கு ஆறுதல் தருவது. பின்னையது அவர்மேல் கடமையைச் சுமத்துவது. எது உண்மை என்பதைப் பொறுத்தே ஒரு சிறிய இனம் தன் ஆற்றலை எங்கே செலவிடுதல் வேண்டும் என்பது அமையும்.

ஓத்தெய்சாவின் வெற்றிடம்

ஓத்தெய்சா 1908-இல் கிப்புஸ்கோவா மாநிலத்துக் கடற்கரையூராகிய ஓரியோவில் பிறந்தார், 2003-இல் மறைந்தார். 1957-இல் பிரேசில் நாட்டுச் சான் பாவுலோ ஈராண்டுக் கலைக்காட்சியில் சிற்பத்திற்கான பரிசு பெற்றார். பொருளைக் கூட்டிக் கூட்டி உருவம் சமைப்பதை அவர் விரும்பவில்லை. கல்லினின்றும் இரும்பினின்றும் பொருளைக் குறைத்து உள்ளிடத்தைத் திறப்பதே அவர் முறை. 1950-களின் இறுதியில் அவர் இயற்றிய இரும்புப் பெட்டி வடிவங்களில் தகடுகள் எல்லையாக மட்டும் நிற்கின்றன. காண்போன் கண் அவற்றினிடையே உள்ள வெற்றிடத்திலேயே தங்குகின்றது. இனிக் குறைப்பதற்கு ஒன்றுமில்லை என்னும் நிலையை அடைந்தவராய் 1959-இல் சிற்பத் தொழிலையே விடுத்தார்.

அக்காலத்தில் பிரனீசு மலைமுகடுகளில் காணப்படும் சிறு கல்வட்டங்கள் அவர் கருத்தைக் கவர்ந்தன. 'மைருபராட்ஸ்' என அவற்றை ஊரார் வழங்குவர். மைரு என்பார் கிறித்தவத்திற்கு முற்பட்டவராகக் கதைகளில் கூறப்படும் மாந்தர். அவர்தம் தோட்டம் என்பது அச்சொல்லின் பொருள். சில கற்கள் வட்டமாக நடப்பட்டிருக்கும், நடுவிடம் வெறுமையாயிருக்கும். தாம் இரும்பில் அடைந்த வெற்றிடத்தையே தொல்லோர் கல்லில் அடைந்தனர் என ஓத்தெய்சா கருதினார். குகையோவியத்தில் தொடங்கிய பாஸ்குக் கலை இக்கல்வட்டத்தில் முற்றுப்பெற்றது. அதன்பின் அவ்வெறுமை மக்களின் உள்ளத்திற் புகுந்து அவர்தம் பேச்சிலும் பாட்டிலும் ஆடலிலும் வாழ்ந்துவருகின்றது. இதுவே அவர் நூலின் சாரம்.

இக்கோட்பாட்டிற்கு வரலாற்று நோக்கில் இரு தடைகள் உள. முதலாவது, அக்கல்வட்டங்கள் வெறுமையாக இருந்தவை அல்ல. அவை ஈமச் சின்னங்கள் என்பது அகழ்வாராய்ச்சியாற் பெறப்படும் முடிபு. கி.மு. முதலாயிரத்தில் எரியூட்டப் பெற்றோரின் சாம்பலும் கரியும் அவற்றுட் கிடைத்துள்ளன. ஓத்தெய்சா வெறுமை கண்ட இடத்தில் அவற்றை நட்டவர் தம்முள் இறந்தோரைக் கண்டனர். குகையோவியம் தீட்டியோர்க்கும் கல்வட்டம் நட்டோர்க்கும் இடையே பல்லாயிரம் ஆண்டுகள் கழிந்துள்ளன. அவ்விருவரையும் இன்றைய பாஸ்கு மொழியினரோடு இடையறாத கலைக்கோட்டால் பிணித்தற்குச் சான்றில்லை.

இரண்டாவது தடை காலமுறை பற்றியது. ஓத்தெய்சா கல்வட்டத்தைக் கண்டு வெற்றிடத்தைக் கற்றவரல்லர். 1935 முதல் 1948 வரை தென்னமெரிக்காவில் வாழ்ந்து அந்நாட்டுப் பெருங்கற்சிலைகளை ஆராய்ந்தார். பின்னர் ருசிய ஓவியர் காசிமிர் மலேவிச்சின் வடிவங்களினின்று சாய்ந்த நாற்கரம் ஒன்றைத் தம் ஆய்வுக்குரிய அலகாகக் கொண்டு, அதற்கு 'மலேவிச் அலகு' எனப் பெயருமிட்டார். சான் பாவுலோவிற் காட்டப்பெற்ற படைப்புகள் அவ்வழியே பிறந்தவை. கல்வட்டம் பற்றிய கொள்கை அதன் பின்னரே உருப்பெற்றது. புதுக்கலை பயின்ற கண்ணே கல்வட்டத்தில் புதுக்கலையைக் கண்டது எனல் வேண்டும். தொன்மை புதுமையைப் பெற்றெடுத்தது என்று அவர் எழுதினார். புதுமையே தனக்கொரு தொன்மையைத் தேடிக்கொண்டது என்று நாம் திருத்திப் படித்தல் தகும்.

எனினும், வரலாறாகப் பிழைபட்ட ஒன்று கலைக்கொள்கையாகப் பயன்படாது என்று கூறல் பொருந்தாது. அரான்ட்சாசு என்னும் மலைத்தலத்தில் 1950-இல் திட்டமிடப்பட்ட புதிய கோயிலின் முகப்பிற்குப் பதினான்கு திருத்தொண்டர் உருவங்களைச் செதுக்கும் பணியை ஓத்தெய்சா ஏற்றார். வயிறு குடைந்து திறக்கப்பட்ட அவ்வுருவங்களைச் சமயத் தலைவர்கள் ஏற்காமையால் பணி தடைப்பட்டது. செதுக்கிய கற்கள் பல்லாண்டுகள் சாலையோரத்திற் கிடந்தன. 1969-இல்தான் அவை முகப்பேறின. தம்மை முற்றும் ஈந்து வெறுமையானோர் என்னும் பொருளை அக்குடைவுகள் உணர்த்துகின்றன. அங்கே வெற்றிடம் கோட்பாடாக நில்லாது உருவமாகவே நிற்கின்றது. அவர் கொள்கையை ஏலாதாரும் அம்முகப்பின்முன் நின்றால் அதன் ஆற்றலை மறுத்தல் அரிது.

சில்லிதாவின் உலைக்களம்

அதே கோயிலின் இரும்புக் கதவுகளை 1954-இல் இயற்றியவர் எதுவார்தோ சில்லிதா. 1924-இல் சான் செபாஸ்தியானிற் பிறந்து 2002-இல் மறைந்த இவர், இளமையில் ரேயால் சொசியெதாது காற்பந்துக் குழுவின் இலக்குக் காவலர். கட்டடக்கலை பயின்று இடையில் விடுத்தவர். 1948-இல் பாரிசு சென்று, தொல்கிரேக்கச் சிற்பங்களின் ஈடுபாட்டால் சுதையுருவங்கள் சமைத்தார். அவ்வழி அவருக்கு நிறைவு தரவில்லை. 1951-இல் தாய்நாடு திரும்பி எர்னானி என்னும் ஊரில் கொல்லுலையை அடைந்தார். இரும்புத்தாது மிக்க அந்நாட்டில் ஆற்றுநீர் விசையால் இயங்கிய பழைய இரும்புப் பட்டறைகள் நூற்றாண்டுகளாகப் பெயர்பெற்றவை. ஊர்க்கொல்லரின் துணையோடு அத்தொழிலைக் கற்று அவர் படைத்த முதல் இரும்புச் சிற்பம் 'இலாரிக்'. ஈமக்கல்லைக் குறிக்கும் பாஸ்குச் சொல்லினின்று வந்தது அப்பெயர்.

பாஸ்கு இடுகாடுகளில் வட்டத்தலையுடைய ஈமக்கற்கள் பல உள. அவற்றின் வட்டத்தையோ அவற்றிற் பொறித்த கதிர்வடிவையோ சில்லிதா படியெடுத்திலர். நிமிர்ந்து நின்று ஒருவரை நினைவூட்டல் என்னும் செயலை மட்டுமே கொண்டார். சான் செபாஸ்தியான் கடற்கரைப் பாறைகளில் 1977-இல் நிறைவுற்ற 'காற்றின் சீப்பு' என்னும் படைப்பும் இத்தகையதே. மூன்று எஃகுருக்கள் பாறையைப் பற்றி வெளிநோக்கி வளைகின்றன. கட்டடக் கலைஞர் லூயிசு பேன்யா கன்செகி அமைத்த கல்தளத்தின் துளைகளின் வழியே கடலலை காற்றையும் நீரையும் மேலே உந்துகின்றது. அங்கே பாஸ்குச் சின்னம் என்று சுட்டத்தக்கது ஒன்றுமில்லை. ஆயினும் சுத்தியும் உலையும் அறிந்தோன் அன்றி அவ்வளைவுகளை வேறொருவன் எண்ணியிரான். மரபு ஈண்டுச் சின்னமாக வாராது தொழிலாக வந்துள்ளது.

இருவர் இசை

இசைத்துறையில் இவ்வுண்மை மேலும் தெளிவுறும். சலபார்த்தா என்பது மரப்பலகையைத் தடிகளால் நிலைக்குத்தாக இடித்து இருவர் எழுப்பும் தாளவிசை. ஆப்பிட் பழத்தை இடித்துச் சாறு பிழியும் தொழிலோடு தொடர்புடையது. வேலை முடிந்தபின் அயலாரை விருந்திற்கு அழைக்கும் ஒலியாகவும் பயன்பட்டது. 1960-களில் அதனை இயக்க அறிந்தோர் சுவாஸ்னபார், கொய்க்கோவெட்செயா என்னும் இரு குடும்பத்துச் சகோதரர்களே எனும் அளவிற்கு அது அருகிவிட்டது. ஹோசான், ஹேசுசு என்னும் ஆர்ட்சே சகோதரர் அம்முதியோரை அணுகிப் பயின்று, 'எசு தோக் அமைரு' என்னும் புதுப்பாடல் இயக்கத்தின் மேடைகளுக்கு அதனைக் கொணர்ந்தனர். மிக்கேல் லபோவா முதலியோர் பங்குகொண்ட அவ்வியக்கம் 1972 வரை இயங்கிற்று. அதற்குப் பெயரிட்டவர் ஓத்தெய்சாவே என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

சலபார்த்தாவின் விதி எளியது. ஒருவர் சமனான அடியைக் காப்பார். மற்றவர் அதனைக் குலைப்பார். குலைப்பவர் பங்கிற்கு 'எரென்னா' என்று பெயர். நொண்டி என்பது பொருள். ஒருவர் விடும் இடைவெளியிலேயே மற்றவர் புகுதல் கூடும். இருவரும் மாறிமாறி இடம் விட்டும் இடம் நிரப்பியும் செல்ல இசை முன்கூட்டி அமையாது அவ்வப்போது பிறக்கின்றது. 2006-இல் வெளிவந்த 'நோமடாக் டிஎக்ஸ்' என்னும் திரைப்படத்தில் ஒரேக்கா டிஎக்ஸ் என்னும் இரட்டையர் தொலைநாடுகளுக்குச் சென்று பனிக்கட்டியாலும் கல்லாலும் சலபார்த்தா அமைத்து இயக்கக் காண்கிறோம். ஆப்பிட் பழமும் இல்லை, மரப்பலகையும் இல்லை. ஆயினும் அது சலபார்த்தாவே. பொருள் மாறினும் இருவர்க்கிடையேயான விதி மாறாமையே காரணம். அவ்விதியோ ஆன்மாவில் உறங்கிக் கிடந்து விழித்ததன்று. அருகி நின்ற நால்வரிடமிருந்து இளைஞர் இருவர் கேட்டுக் கற்றது. அவர்கள் சில ஆண்டுகள் தாழ்த்திருப்பின் கேட்டற்கு ஆளிருந்திரார்.

பெர்ட்சோலாரி என்னும் ஆசுகவி

பாஸ்கு மரபுக் கலைகளுள் தலையாயது ஆசுகவி பாடும் கலை. பாடுவோரைப் பெர்ட்சோலாரி என்பர். அவைத்தலைவர் பொருளை அறிவிக்க, துணையிசைக்கருவி ஒன்றுமின்றி, அவையோர் அறிந்த மெட்டொன்றில் உடனே பாடுதல் வேண்டும். பெரிய எட்டடி என்னும் யாப்பில் பத்தசையும் எட்டசையும் மாறிவரும் எட்டு அடிகள் அமையும். இரட்டைப்பட்ட நான்கடிகளும் ஒரே இயைபில் முடிதல் வேண்டும். சிறிய எட்டடியில் ஏழசையும் ஆறசையும் வரும்.

மனுவேல் லெக்குவோனா என்னும் அறிஞர் 1935-இல் வெளியிட்ட பாஸ்கு வாய்மொழி இலக்கியம் பற்றிய நூலில், நாட்டுப்பாடல்களின் காட்சிகள் இணைப்புச் சொல்லின்றித் தாவிச் செல்லும் இயல்பை எடுத்துக்காட்டினார். ஓத்தெய்சா இதனை ஆன்மாவின் இயல்பான ஒழுக்காகக் கொண்டார். பெர்ட்சோலாரி தன்னுட் புகுந்து கட்டின்றிப் பாடுகின்றான் என்பது அவர் கருத்து. பாடுவோர் தாமே கூறும் செய்முறையோ இதற்கு நேர்மாறானது. ஆன்டொனி எகான்யா, ஹோன் சரசுவா, ஹோசெர்ரா கார்சியா என்னும் மூவர் 2001-இல் வெளியிட்ட நூல் இதனை விளக்குகின்றது. பாடுவோர் பாட்டின் இறுதியடியையே முதலில் அமைப்பர். வலிமை மிக்க கருத்தையும் இயைபையும் அங்கே நிறுத்துவர். அதன்பின் அவ்விறுதியை நோக்கிச் செல்லும் அடிகளை முதலிலிருந்து பாடிச் செல்வர். கேட்போர் முன்னிருந்து பின்னாகக் கேட்பதைப் பாடுவோர் பின்னிருந்து முன்னாகக் கட்டியுள்ளனர். கட்டற்ற ஒழுக்குப்போலத் தோன்றுவது மிக நுணுகிய கட்டின் பயனேயாம்.

இக்கட்டைக் கற்பித்தல் கூடுமா? 1936-இல் வாகைசூடிய ட்சிர்ரிட்டா எழுதப்படிக்க அறியாதவர்; ஆகவே இது பிறவிக் கொடை என்று பலரும் கருதினர். போர் தொடங்கியதும் போட்டிகள் நின்றன. 1960-இல் மீண்டும் தொடங்கி, 1967-க்குப் பின் 1980 வரை நிகழாதொழிந்தன. 1980-இல் வென்றவர் ஷபியேர் அமுரிசா. பாதிரியாராயிருந்து பிராங்கோ ஆட்சியிற் சிறைப்பட்டவர் அவர். 1968-இல் பாஸ்கு மொழிக் கழகம் அரான்ட்சாசுவில் கூடி, கோல்தோ மிட்செலேனாவின் தலைமையான உழைப்பால் வகுத்த பொதுமொழியிலேயே அவர் பாடினார். 1981-இல் இயைபு அகராதி ஒன்றையும் வெளியிட்டார். ஆசுகவி பயிற்றும் பள்ளிகள் ஊர்தோறும் எழுந்தன. பள்ளி வழியே பயின்ற தலைமுறையைச் சேர்ந்த மாயலென் லுகான்பியோ 2009-இல் பன்னீராயிரத்திற்கு மேற்பட்டோர் திரண்ட அவையில் வென்று, அப்பட்டம் பெற்ற முதற் பெண்ணானார். 2017-இலும் 2022-இலும் மீண்டும் வென்றார். ஆன்மாவின் கொடை என நின்றிருந்த காலத்தில் மதுக்கடையிலும் திருவிழாவிலும் ஆடவரிடையே வழங்கிய இக்கலை, கற்பிக்கப்படும் கலையானபின்னரே பெண்டிர்க்கும் நகரத்தார்க்கும் உரியதாயிற்று.

இதற்கொரு மறுப்புண்டு. பள்ளிப் பயிற்சி பாடுவோர் அனைவரையும் ஒரே அச்சில் வார்க்கும்; போட்டியும் மதிப்பெண்ணும் கலையை விளையாட்டாக்கும் என்பர். இது புறக்கணிக்கத்தக்கதன்று. தனி வட்டார வழக்கின் சுவை பொதுமொழியில் ஓரளவு குன்றுதல் இயல்பே. ஆயினும், கல்லாதார் பாடிய காலத்திலும் ஒரே மெட்டும் ஒரே யாப்புமே வழங்கின. தனித்தன்மை அவற்றினூடேதான் தோன்றிற்று. விதியைக் குறைகூறுவோர் விதி அறிந்தபின் பிறக்கும் வேறுபாட்டையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

முடிவுரை

உலையும் தாளமும் யாப்பும் ஆகிய மூன்றினும் மரபு செய்முறையாகவே நின்று, கற்றாரிடமிருந்து கற்பார்க்குச் சென்றுள்ளது. தொன்மை என்னும் பெருமை அதற்கு ஊக்கமளித்திருக்கலாம், உயிரளித்தது கல்வியே. ஓத்தெய்சாவின் நூல் இளைஞர்க்கு மரபை நோக்கித் திரும்பும் துணிவைத் தந்தது. அத்துணிவு பயன்பட்டதற்குக் காரணம், அவர்கள் நூலோடு நில்லாது முதியோர் வாயிலிற் சென்று நின்றமையே.

இனி, அவர் காட்டிய கல்வட்டத்தை மீண்டும் நோக்குவாம். நடுவிலுள்ள வெற்றிடத்தை அவர் போற்றினார். அவ்வெற்றிடம் எதனால் ஆயிற்று? சுற்றி நட்ட கற்களால். அவற்றை அகற்றின் எஞ்சுவது வெற்றிடமன்று, வெறும் மலைவெளியே. பொருளை அறிவித்தபின் பெர்ட்சோலாரி வாய்திறக்கும்வரை அவையில் நிலவும் சில நொடி அமைதியும், சலபார்த்தாவில் ஒருவர் மற்றவர்க்கு விடும் இடைவெளியும் அத்தகைய வெற்றிடங்களே; யாப்பும் தாளமும் அவற்றைச் சூழ்ந்த கற்கள். கற்களை நடுவோர் உள்ள அளவும் வெற்றிடம் நிலைபெறும். ஏறத்தாழ ஏழரை இலட்சம் பேர் பேசும் ஒரு மொழி இதனை நன்குணர்ந்துள்ளது. தொன்மையைச் சொல்லி மகிழும் மொழியினர் எவரும் அதனினின்று கற்கத்தக்கது இதுவே.